பிடித்த பேர்

மதுரைக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், ஒரு ஸ்டீல் பீரோவின் உள்ளறையில், ஒரு தலைப்பெழுத்து குடியிருந்தது. அதன் பேர் வீ.

ஒரு காலத்தில் அதற்குப் பல வீடுகள் இருந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் அலுமினியப் பெட்டியின் மூடியில் ஆணியால் கீறப்பட்டு இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருந்தது. எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலிடம் என்ற சான்றிதழில், சிவப்பு மசியில் வளைந்து நெளிந்து இருந்தது. அலுமினியப் பெட்டி பேரீச்சம்பழக்காரனிடம் போயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கரையான் தின்றது. சான்றிதழ் ஓர் அடைமழையில் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது எழுத்தெல்லாம் கண்ணாடிக்குப் போய்விட்டது. கண்ணாடி பிறகு உடைந்தது.

கடைசியில் மிஞ்சியது பான் அட்டை ஒன்றுதான். அதில் தலைப்பெழுத்தைச் சுருக்கி எழுதக் கூடாது என்பது விதி. அதனால் வீ. தன் புள்ளியை விட்டுவிட்டு, கை காலை நீட்டி, வீரணன் என்று முழுசாக விரிந்து, தவமணி என்ற பேருக்குப் பின்னால் போய் நின்றது. பேர்தான் தலைப்பெழுத்து. நின்றது வாலில்.

வீரணன் என்பவர் தவமணியின் அப்பா. நூற்பாலைக்குப் பஞ்சுப் பொதி ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டியவர். அவர் போய் வெகு காலம் ஆகிறது. ஆள் போன பிறகு, அவருடைய குரலும் குணமும் எழுத்தில் வந்து தங்கிக்கொண்டன. எழுத்துகளிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு.

பான் அட்டை இருந்த ஜவுளிக்கடைப் பையிலேயே ஒரு பாஸ்புக்கும் இருந்தது. அதில் சு. தவமணி என்று எழுதியிருந்தது. சு. என்றால் சுந்தரபாண்டி. தவமணியின் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, முந்தின வருஷம் பங்குனியில் இறந்துபோனவர். கல்யாணமான மறுமாதம் பேங்கில் கணக்குத் தொடங்கப் போனபோது, வீ. இருக்கவேண்டிய இடத்தில் சு. ஏறி உட்கார்ந்தது. அன்றிலிருந்து இரண்டு எழுத்துக்கும் மாமனார் மருமகன் உறவு. ஒரே பையில் இருந்தாலும், நாற்பத்தொரு வருஷமாகப் பேச்சு குறைவு.

வீ.க்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அதற்கு நினைத்துக்கொண்டிருக்க ஒரு மைதானம் இருந்தது. செம்மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்ட மைதானம். இரண்டு சுற்று ஓட வேண்டும். வீரணனுக்கு எது கடைசிச் சுற்று என்று தெரியாது. அவர் வளைவில் கயிற்றுக்கு வெளியே, மகளின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் தாண்டிப் போகும்போதெல்லாம், "அம்புட்டுதான் ஆத்தா, முடிஞ்சிருச்சு" என்று கத்துவார். முதல் சுற்றிலேயே கத்துவார். அவள் சிரித்துக்கொண்டே ஓடுவாள். எத்தனை தடவை நினைத்தாலும் அந்தச் சிரிப்பு வீ.க்குச் சலிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஓர் ஆடி மாதத்தில் பை பீரோவிலிருந்து வெளியே வந்தது.

விஷயம் இதுதான். தவமணி நூற்பாலையில் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை பேங்கில் வைப்பு போட்டிருந்தாள். அதன் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று சித்திரை தோறும் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் சுந்தரபாண்டிதான் ஞாபகப்படுத்துவார். அவர் இறந்த மறுமாதம் ஞாபகப்படுத்த ஆள் இல்லை. படிவம் போகவில்லை. வரி பிடித்துவிட்டார்கள். பிடித்ததைத் திரும்பக் கேட்டு இப்போது கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கண்ணில் புரை விழுந்திருந்தது அவளுக்கு. தை பிறந்ததும் அறுவைச் சிகிச்சை என்று தேதி கொடுத்திருந்தார்கள். திரும்பி வரும் பணம் அதற்குத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஹனீபா எல்லாவற்றையும் செய்து கொடுத்தான். அவனுடைய அம்மாவும் அதே ஆலையில் வேலை பார்த்தவள்.

"டைம் ஆபீஸ் அக்கா, முடிஞ்சிருச்சு. இந்தச் சீட்டைப் பத்திரமா வச்சுக்கங்க. பணம் எங்க வந்துட்டு இருக்குன்னு இந்த நம்பரைப் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"தபால்காரர் பின்னாடியே போற மாதிரியா?"

"அதேதான். ஆனா உக்காந்த இடத்துலயே போறது."

அப்படித்தான் ஒப்புகைச் சீட்டு பைக்குள் வந்து சேர்ந்தது. இன்னும் சூடு ஆறாத தாள். எப்போது பேசினாலும் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலத்தான் பேசும்.

"என் எண் பதினைந்து இலக்கங்கள் கொண்டது" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னது.

"இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு எழுத்து" என்றது சு.

ஆவணியில் தவமணி பையை எடுத்துக்கொண்டு ஹனீபாவிடம் போனாள். "வந்துருச்சாப்பா?"

"இல்லக்கா. 'சரிபார்க்கப்பட்டது'ன்னு இருக்கு. சம்பந்தம் பேசுற மாதிரிதான். அவங்க வீட்ல பாத்து, இவங்க வீட்ல பாத்து, அப்புறம்தான் தட்டை மாத்துவாங்க."

பைக்குள் சீட்டு அறிவித்தது: "தற்போதைய நிலை, பரிசீலனைக்குக் காத்திருக்கிறது."

"அதைத்தானய்யா அவனும் சொன்னான்" என்றது சு.

புரட்டாசியில், பரிசீலனை முடிந்தது என்றது சீட்டு. ஐப்பசியில், ரீஃபண்டு அனுப்பப்பட்டது என்றது. தவமணிக்கு முகம் மலர்ந்தது. வீ.க்கும் ஏனோ சந்தோஷமாக இருந்தது. யாரோ ஊரிலிருந்து கிளம்பி வருகிறார்கள், வளைவில் போய் நிற்க வேண்டும் என்பதுபோல ஒரு நினைப்பு. இவளிடமிருந்து எடுத்த ஒன்று இவளைத் தேடி வருகிறது. அப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை.

பத்து நாள் கழித்துப் போனபோது ஹனீபா திரையைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான்.

"அக்கா, ரீஃபண்டு வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சு."

"எப்ப வந்துச்சு? நான் வீட்லதானே இருந்தேன்?"

ஹனீபா சிரித்துவிட்டான். பிறகு சிரித்ததற்கு வருந்தியவன்போல நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான்.

"பேங்க் வரைக்கும் வந்துருச்சுக்கா. வாசல்ல நின்னு, தவமணி வீரணன் இருக்காங்களான்னு கேட்டிருக்கு. உள்ள இருந்து, அப்படி யாரும் இல்ல, இங்க இருக்கிறது சு. தவமணின்னு சொல்லிட்டாங்க."

"ரெண்டும் நான்தானேப்பா."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மெஷினுக்கு இனிஷியல் மாறுச்சுன்னா ஆளே வேறக்கா."

"வரி பிடிக்கும்போது மட்டும் ஆள் தெரிஞ்சுச்சா?"

"அது நம்பரைப் பாத்துப் பிடிச்சிருவாங்க. குடுக்கும்போதுதான் பேர் கேப்பாங்க. யார் பேர்ல பிடிச்சாங்களோ அந்தப் பேருக்குத்தான் திரும்பும்."

தவமணி சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. பான் கார்டுல அப்பா பேரை எடுத்துட்டு கண்டக்டர் அண்ணன் பேரைப் போட்டிருவோம். இங்கயே உக்காந்து முடிச்சிரலாம், பத்து நாள் வேலை. பேங்க்ல மாத்துறதுன்னா நீங்கதான் நடையா நடக்கணும். தைக்குள்ள ஆகுமோ ஆகாதோ. என்ன, பான்லயே மாத்திரவா?"

வீ. பைக்குள் அசையாமல் இருந்தது. அட்டை அதன் கடைசி வீடு. அங்கிருந்தும் எடுத்துவிட்டால், இந்த உலகத்தில் அது இருப்பதற்கு வேறு தாள் கிடையாது.

"நாளைக்கு வந்து சொல்றேன்ப்பா" என்றாள் தவமணி.

பஸ் வரவில்லை. அவள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பகல் வெயில் காலடி வரைக்கும் வந்திருந்தது.

வீ.தான் முதலில் பேசியது. "சந்தோஷமா மாப்பிள்ளை?"

"எனக்கு என்ன சந்தோஷம் மாமா? நான் எதையும் கேட்டேனா?"

"நீங்க எங்க கேக்குறீங்க. கேக்காமலே உங்களுக்கு இடம் கெடச்சிரும். அன்னிக்கு பேங்க்லயும் அப்படித்தான்."

"அன்னிக்கு எழுதினது பேங்க்காரரு. வீட்டுக்காரர் பேர் என்னன்னாரு. சொன்னேன்."

"அவகிட்டக் கேட்டாரா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

சு. தணிந்த குரலில் சொன்னது: "ஓட வேணாம்னு நான் சொல்லல மாமா."

"சொல்லல. ஓடுறியான்னும் கேக்கல."

"சரி, நான் கேக்கல. நீங்க?"

"நானா? நான் செருப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன்யா."

"நின்னீங்க. மாவட்டத்துக்கு நின்னீங்க. மாநிலப் போட்டிக்கு மெட்ராஸுக்கு வரச் சொல்லி அவளுக்குக் கடுதாசி வந்துச்சே, பங்குனி பதினாலுன்னு தேதி போட்டு. அதே பங்குனி பதினாலுக்கு முகூர்த்தம் குறிச்சது யாரு? எங்க வீட்ல சித்திரையில வச்சுக்கலாம்னுதான் சொன்னாங்க. நல்ல நாள், தள்ளிப் போட வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதான். கடுதாசி விஷயமே எனக்கும் அவளுக்கும் கல்யாணம் முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு, அவ டீச்சர் சொல்லித்தான் தெரியும்."

இத்தனை வருஷமும் வீ. நினைத்து நினைத்துப் பார்த்த மைதானத்தில் கயிறும் சுண்ணாம்புக் கோடும் சிரிப்பும் இருந்தன. அந்தக் கடிதம் இருந்ததில்லை. அதை எங்கே வைத்தோம் என்று தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. வண்டியின் வைக்கோலுக்கு அடியில் வைத்தது. வைத்த கை வீரணனுடையது.

"சொன்னா அழுவான்னு நெனச்சேன் மாப்பிள்ளை" என்றது கடைசியில்.

"அவ ஒருநாளும் அழுகல மாமா. அதுதான் எனக்கும் சங்கடம்."

யாரும் கேட்காமலே சீட்டு வாய் திறந்தது. "நினைவூட்டல். எவர் பேரில் பிடிக்கப்பட்டதோ, அவர் பேருக்கே திரும்பச் செலுத்தப்படும்."

இரண்டு எழுத்தும் அதை அதட்டவில்லை.

மறுநாள் காலையில் தவமணி ஹனீபாவின் கடைக்குப் போகவில்லை. பேங்குக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி சின்னப் பெண். மேசைப் பலகையில் பூங்குழலி என்று இருந்தது. விவரத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் அப்பா இனிஷியலை எடுத்துட்டு வீட்டுக்காரர் இனிஷியலைப் போடுங்கன்னுதாம்மா வருவாங்க. நீங்க தலைகீழா வர்றீங்களே. சார் வரலையா?"

"அவர் இல்லம்மா. ஒண்ணரை வருஷமாச்சு."

"அப்ப எதுக்கும்மா இப்பப் போய் அவர் எழுத்தை எடுக்கணும்? பார்க்கிறவங்க ஏதாவது சொல்லப்போறாங்க. பான்லயே மாத்திரலாமே, அதுதான் சீக்கிரம்."

தவமணி பையின் பிடியை விரலில் சுற்றிக்கொண்டாள். "அந்தப் பேர்லதாம்மா பிடிச்சாங்க. அந்தப் பேர்லயே வரட்டும்."

பூங்குழலி அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தாள்.

எழுத்து மங்கலாகத் தெரிந்தது. தவமணி தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு எழுதினாள். பழைய பேர் என்ற இடத்தில் சு. தவமணி என்று எழுதும்போது பேனா சு.வின் மேல் கொஞ்சம் நின்றது. பிறகு நகர்ந்தது. மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

"அதுலயும் ஏதாவது எழுதணும்மா. இல்லன்னா திருப்பி அனுப்பிருவாங்க."

அவள் யோசித்து, 'இதுதான் என் பேர்' என்று எழுதினாள்.

படிவம் போயும் வேலை உடனே முடியவில்லை. ஹனீபா சொன்னதுபோல நடையாக நடந்தாள். ஒரு நாள் நகல் தெளிவாக இல்லை என்றார்கள். ஒரு நாள் அதிகாரி விடுப்பு. ஒரு நாள் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கார்த்திகை போய் மார்கழி பிறந்தது.

"தை வந்துரும் போலருக்கேக்கா. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் ஹனீபா, வழியில் பார்த்தபோது.

"வரட்டும்ப்பா. தை எங்க போகுது. தேதி தள்ளிப்போனா இன்னொரு தேதி வாங்கிக்கிறேன்."

அதைக் கேட்டு வீ. கூசியது. தேதியைத் தள்ளிப் போடலாம் என்பது எவ்வளவு சின்ன விஷயம்.

மார்கழி நடுவில் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்தது. பூங்குழலி புதுப் பாஸ்புக்கை அச்சடித்து நீட்டினாள். வீ. தவமணி என்று இருந்தது. பழைய பாஸ்புக்கை எடுத்துச் சீல் மையில் முத்திரையை ஒற்றினாள்.

"அந்தப் பழைய புத்தகத்தை நானே வச்சுக்கலாமாம்மா?"

"தாராளமா. ரத்துன்னு சீல் போட்டுத் தர்றேன். எங்களுக்கு எதுக்கு அது."

முத்திரை மேலே வந்து நின்றபோது சு. பையைப் பார்த்துச் சொன்னது: "மாமா, என் ஸ்டாப்பிங் வந்துருச்சு."

"மாப்பிள்ளை..."

"பேசக் கூடாது. நான் ரைட்டுன்னு சொன்னா வண்டி போயிக்கிட்டே இருக்கணும்." சிரித்தது. "இத்தனை வருஷம் உங்க இடத்துல உக்காந்து வந்தேன். பக்கத்துல ஒதுங்கி உக்காந்திருக்கலாம். யோசனை வரல."

"நானும் ஒதுங்கியிருக்கணும்" என்றது வீ. "அந்தக் கடுதாசியைக் குடுத்துட்டு."

முத்திரை இறங்கியது. தவமணி பழைய புத்தகத்தின் ஈர மையை முந்தானையால் ஒற்றி எடுத்து, பையில் புதுப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

ஹனீபா அன்றைக்கே மறுபடி அனுப்பச் சொல்லி விண்ணப்பம் போட்டான். சீட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாதக்கணக்கில் மடித்து விரித்ததில் அதன் மடிப்பு கிழிந்து போயிருந்தது. ஆனாலும் போகிக்கு நாலு நாள் இருக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து அறிவித்தது: "தற்போதைய நிலை, வரவு வைக்கப்பட்டது. தாமதத்துக்கு வட்டியும் சேர்த்து."

"வட்டி எவ்வளவு?" என்றது சு. முத்திரைக்கு அடியிலிருந்து.

"ஏழு மாதத்துக்கு மட்டும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதற்கு முன்னால் பிடித்ததற்கு என்னிடம் விவரம் இல்லை" என்றது சீட்டு. செய்தி வாசிக்கும் குரலில் இல்லாமல் அது பேசியது அப்போதுதான்.

பணத்தை எடுக்கத் தவமணி பேங்குக்குப் போனாள். பொங்கல் நேரம், நல்ல கூட்டம். பணமெடுக்கும் படிவத்தை எழுதி உள்ளே கொடுத்துவிட்டு, சுவரோரப் பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். இடப் பக்கத்துப் பெண் கரும்பு விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வீ. தவமணி!"

கூப்பிட்டது பூங்குழலியின் குரல். வீ.க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பையிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

தவமணி எழுந்திருக்கவில்லை. கரும்புக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு வீ. தவமணி?"

கரும்புக்காரி சுற்றும் முற்றும் பார்த்தாள். தவமணியும் பார்த்தாள். வாசல் பக்கம் நின்ற ஒரு பெண்ணிடம், "உங்களையாம்மா கூப்பிடுறாங்க?" என்றுகூடக் கேட்டாள். ஆலையில் அவள் டைம் ஆபீஸ் அக்கா. தெருவில் கண்டக்டர் வீட்டம்மா. வீட்டில் இந்தா, ஏய், அம்மா.

"மாப்பிள்ளை, அவளுக்குத் தெரியலய்யா" என்றது வீ. அதன் குரல் உடைந்திருந்தது. "என்னைத் தெரியல அவளுக்கு."

"பொறுங்க மாமா" என்றது சு. "ரொம்பத் தூரத்துலருந்து வரணும்ல."

பூங்குழலி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, எழுத்தைத் தனியாக, பேரைத் தனியாக, நிறுத்திக் கூப்பிட்டாள்.

"வீ... தவமணி!"

பெஞ்சில் கரும்புக்காரிக்குப் பக்கத்தில் ஒரு கை தானாக மேலே போனது.

"உள்ளேன் டீச்சர்" என்றாள் தவமணி.